மேசைக்கு அந்தப் பக்கம்

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரை அமர்த்தியது. மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த சீர்காழிக்காரர், வயது முப்பத்தொன்று. நூலகப் பணி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் போனாராம். வேலை கிடைத்துவிட்டது. சில வாரங்களிலேயே நிர்வாகத்திடம் போய் நின்றார். என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள், இந்தத் தனிமை தாங்கவில்லை, பொழுதே போகவில்லை என்று முறையிட்டார். லண்டன் போய் நூலகக் கலை படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கணித வேலை உங்களுக்குத்தான் என்று பேசி அனுப்பிவைத்தார்கள். அவர்தான் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அவர்.

நூலகர் வேலையைப் பற்றி ஊரில் இருக்கும் எண்ணம் அந்த முதல் சில வாரங்களோடு நின்றுவிட்டது. மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி, கையில் ஒரு நாவல், எப்போதாவது யாராவது வந்தால் தேதி முத்திரை ஒன்று. "உனக்கென்னம்மா, உட்கார்ந்த இடத்துல சம்பளம்" என்று ஒரு பெரியவர் எங்கள் கிளை நூலகத்து நூலகரிடம் என் காதுபடச் சொன்னார். அந்த அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு, அவர் நீட்டிய புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

அதே நூலகத்தில் ஒரு மாலை ஐந்தரை மணி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். செல்போன் சார்ஜ் போட இருக்கும் பிளக் இரண்டு. அதற்கு ஒரு வாக்குவாதம். தினசரியில் வேலைவாய்ப்பு விளம்பரம் வந்த பக்கத்தை யாரோ பிளேடால் நறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதைக் கண்ட ஒருவர், நறுக்கியதே இந்த அம்மாதான் என்பதுபோல மேசையைத் தட்டிக் கேட்டார். ஒரு சிறுமிக்குப் படக்கதை வேண்டும், ஆனால் போன வாரம் படித்த அதே படக்கதைதான் வேண்டும், பெயர் தெரியாது, அட்டை பச்சை. புது உறுப்பினராகச் சேர வந்தவர் முன்பணம் எதற்கு என்றார். தொலைபேசியில் மேலிடம்: இந்த மாதம் எத்தனை வாசகர், எத்தனை நூல் வழங்கல், ஆறு மணிக்குள் அனுப்புங்கள். இதற்கிடையில் மழை பிடித்துக்கொள்ள, வரலாற்று அலமாரியின் தலைக்கு மேல் கூரை ஒழுகத் தொடங்கியது. அந்த அம்மாவே எழுந்து போய் பக்கெட்டை நகர்த்தி வைத்தார். எத்தனை முறை எழுந்தார், எத்தனை முறை பேச்சு அறுந்தது என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுவதற்காக அவர் கையில் எடுத்த புதுப் புத்தகம் ஒன்று, நான் புறப்படும்போதும் எண் எழுதப்படாமல் திறந்தபடியே கிடந்தது.

மேசையைத் தட்டியவரைப் பார்த்த அந்த நொடியில் அந்த அம்மாவின் உடம்புக்குள் நடந்ததை மட்டும் கொஞ்சம் பார்க்கலாம். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. ஆபத்து என்று மூளை கணித்ததும் அங்கிருந்து இரண்டு வழியாக ஆணை போகிறது. ஒன்று நரம்பு வழி. நொடிகளில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கும், தசைகளுக்கு ரத்தம் பாயும், செரிமானம் பின்னுக்குப் போகும். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் எழுதிய புத்தகத்தில் விளக்கிய 'அடி அல்லது ஓடு' நிலை இதுதான். மற்றது கொஞ்சம் மெதுவான வழி. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கார்ட்டிசால் ரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரையைக் கிளப்பிவிட்டு, நெருக்கடியைச் சமாளிக்க உடம்பைத் தயாராக நிறுத்துவது அதன் வேலை.

நாய் துரத்தினால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். ஓடுவோம், தப்பிப்போம், மூச்சு வாங்கும், அடங்கிவிடும். நூலக மேசையில் அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. ஓடத் தயாரான உடம்பை நாற்காலியில் உட்காரவைத்து, "சார், யாருன்னு பாக்குறேன் சார்" என்று சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் அடுத்த ஆள். இதயம் முழுதாக இறங்குவதற்குள் மறுபடி ஏற்றம்.

இப்படி மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் உடம்பில் சேரும் தேய்மானத்துக்கு, புரூஸ் மெக்கீவன் என்ற நரம்பியல் அறிஞர் 1990-களில் ஒரு பெயர் கொடுத்தார்: அலோஸ்டாடிக் சுமை. மாட்டுவண்டி அச்சு தேய்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளத்தில் விழுந்ததால் அச்சு முறிவதில்லை. தினமும் அதே பாதையில் ஓடி ஓடித் தேய்ந்து, ஒருநாள் சமதரையில் முறிகிறது. தூக்கம் கெடுவது, ரத்த அழுத்தம் ஏறுவது, அடிக்கடி சளி பிடிப்பது எல்லாம் இந்தத் தேய்மானத்தின் அடையாளங்களாக இருக்கலாம்.

மன அழுத்தத்துக்கு அறிவியலில் இடம் பிடித்துக்கொடுத்தவர் ஹான்ஸ் செல்யே. 1936-இல் நேச்சர் இதழில் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். குளிரானாலும் காயமானாலும் நஞ்சானாலும், எலிகளின் உடம்பில் ஒரே மாதிரியான மாற்றங்கள் வருகின்றன: அட்ரீனல் வீங்குகிறது, தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண். கொடுமை எதுவானால் என்ன, எதிர்வினை ஒன்றுதான் என்றார். பெரிய கண்டுபிடிப்புதான், ஆனால் பாதிக் கதை. மீதியை ஜே வெய்ஸ் என்பவர் 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் செய்த சோதனைகள் காட்டின. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஓர் எலிக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு ஒலி கேட்கும். இன்னொன்றுக்கு ஒலிக்கும் அதிர்ச்சிக்கும் தொடர்பே இருக்காது. முன்கூட்டித் தெரிந்த எலிக்கு வயிற்றுப் புண் வெகுவாகக் குறைந்தது. சக்கரத்தைச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்தும் வசதி கொடுத்தபோதும் அப்படியே. வாங்கிய அடி ஒரே அடிதான். எப்போது விழும் என்று தெரிவதும், நிறுத்த ஒரு கைப்பிடி இருப்பதும் வயிற்றைக் காப்பாற்றியிருக்கின்றன.

இந்தக் கைப்பிடியை மறந்துவிடாதீர்கள். நூலகர் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மன அழுத்தம் வேறு, 'பர்ன்அவுட்' வேறு. அழுத்தத்தில் இருப்பவர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர். இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்தால் முடித்துவிடலாம் என்று நினைப்பவர். எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரியே எரிவதைப் பார்த்திருப்பீர்கள். சுடர் இருக்கும், கூடவே கரிந்த வாடையும் வரும். பர்ன்அவுட் அந்த நிலை. நான் இதைக் கருகல் என்றே சொல்கிறேன்.

1974-இல் பர்ன்அவுட் என்ற சொல்லை உளவியல் இதழ்ப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர், நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையம் ஒன்றில் வேலை பார்த்த உளவியலாளர். அங்கே தொண்டு செய்ய வந்த இளைஞர்கள் ஆர்வமாக வருகிறார்கள், சில மாதங்களில் எரிச்சல்காரர்களாக மாறுகிறார்கள், பிறகு ஒன்றும் தோன்றாதவர்களாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அவரும் அந்த நிலையை அனுபவித்தவர்தான். சோம்பேறிகள் கருகுவதில்லை என்பது அவர் பார்த்த முதல் விஷயம். அதிகம் கொடுக்க வந்தவர்களே முதலில் கருகினார்கள்.

அதை அளக்கும் கோலைச் செய்தவர் கலிஃபோர்னியாவின் கிறிஸ்டினா மஸ்லாக். 1981-இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட வினாத்தாளில் 22 வாக்கியங்கள். மூன்று விஷயங்களை அது தேடுகிறது. முதலாவது சோர்வு: காலையில் எழும்போதே, இரவு தூங்காததுபோல. இரண்டாவது, மனிதர்கள் மனிதர்களாகத் தெரியாமல் போவது. நூலகத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. புத்தகம் கேட்டால் முன்பெல்லாம் எழுந்து அலமாரி வரை வந்தவர், இப்போது தலை நிமிராமலே "இல்லை" என்பார். வாசகர்களை "அந்த ஜன்னலோர கேஸ்", "பேப்பர் பார்ட்டி" என்று சொல்லத் தொடங்குவார். திமிர் என்று நாம் நினைக்கிறோம். அது உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்ச எண்ணெயைக் காப்பாற்ற மனம் போட்டுக்கொள்ளும் கதவு. மூன்றாவதுதான் எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறது: நான் செய்வதால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம். இருபது வருடம் புத்தகம் கொடுத்த கைக்கு அப்படித் தோன்றுவதென்றால் எப்படி இருக்கும்!

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தபோது ஒரு நுட்பமான காரியம் செய்தது. கருகலை நோய் என்று சொல்லவில்லை. 'பணி சார்ந்த நிகழ்வு' என்றது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது விளக்கம். ரத்தத்தில் இதைக் காட்டும் பரிசோதனை எதுவும் கிடையாது. கார்ட்டிசாலை அளந்து பார்த்த ஆய்வுகளில் சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு, சிலருக்கு இயல்பு என்று முடிவுகள் மாறி மாறி வருகின்றன. உடம்பில் தேடிக் கிடைக்காத இந்தக் கோளாறு, வேலை அமைந்திருக்கும் விதத்தில் தேடினால் கிடைக்கிறது.

எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு 1979-இல் ராபர்ட் கரசெக் ஒரு எளிய படம் போட்டுக் காட்டினார். வேலையில் இரண்டு அளவுகளைப் பாருங்கள். என்னிடம் எவ்வளவு கேட்கிறார்கள், எவ்வளவு முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்கள். நிறையக் கேட்டு, நிறைய விட்டுக்கொடுத்தால் மனிதன் களைப்பான், ஆனால் வளர்வான். நிறையக் கேட்டு, எதையும் விட்டுக்கொடுக்காத இடத்தில்தான் ஆபத்து. பிரிட்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் ஆய்வு இதை இதயம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பொறுப்பு அதிகமுள்ள உயரதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது நம்மிடையே இருக்கும் நம்பிக்கை. அங்கே தலைகீழ். படி இறங்க இறங்க இதயநோய் கூடியது. வேலையில் தன் கைக்கு எதுவும் இல்லை என்ற நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தது.

நம் நூலகர் கையில் என்ன இருக்கிறது? இதற்கு இருப்புச் சரிபார்ப்பை விடச் சிறந்த உதாரணம் கிடையாது.

வருடத்தில் ஒருமுறையோ, சில வருடத்துக்கு ஒருமுறையோ, பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இருபதாயிரம் நூல் என்றால் இருபதாயிரம் முறை கை நீட்டி, முதுகைப் பார்த்து, தூசியைத் தட்டி, எண்ணைச் சொல்லி, டிக் அடிக்க வேண்டும். புத்தகத் தூசிக்குத் தும்மாத நூலகரை நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு பட்டியல் மிஞ்சும்: காணாமல் போனவை. ஒரு நூலகர் என்னிடம் சொன்னார், "அந்த லிஸ்ட்ட கையில வெச்சுக்கிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்திரிச்சு உட்கார்ந்திருக்கேன் சார். திருடனாட்டம்." காணாமல் போன புத்தகத்துக்குத் தன் சம்பளத்தில் பணம் கட்டியவர்களும் உண்டு.

இத்தனைக்கும், எந்த நூலகத்திலும் கொஞ்சம் புத்தகம் தொலையத்தான் செய்யும் என்பது அரசுக்கே தெரியும். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு, இதை வெளிப்படையாகச் சொல்கின்றன. வருடத்தில் வழங்கப்பட்ட அல்லது புரட்டிப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை காணாமல் போவது இயல்பான இழப்பு. நாணயக்கேடோ அலட்சியமோ இல்லையென்றால் போதும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இருபதாயிரம் நூல் வரை உள்ள இடத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. ஐம்பதாயிரம் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் மாதிரி எடுத்துப் பார்த்தாலே போதும். மத்திய அரசு நூலகங்களுக்கான விதி இது. ஆனால் விதி இருப்பது வேறு, இதுபோன்ற விதியைச் சொல்லி "கவலைப்படாதீர்கள்" என்று ஒரு மேலதிகாரி வாயைத் திறப்பது வேறு. வாசகர்கள் அலமாரி வரை தாராளமாகப் போகலாம் என்று நூலகத்தைத் திறந்துவிட்டோம். நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். கூடத்தில் கண்ணுக்கு எட்டாத மூலைகள் நாலு, இருப்பது ஒரே ஆள், தொலைந்தால் அவர் பொறுப்பு. கேட்பது முழுவதும், கையில் இருப்பது ஒன்றுமில்லை. கரசெக் இதைப் பார்த்திருந்தால் வேறு படமே போட்டிருக்க வேண்டாம்.

உழைப்புக்கும் கிடைப்பதற்கும் இடையிலான பள்ளமும் மனிதரைத் தின்னும் என்பது ஜெர்மனியின் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் முன்வைத்த கருத்து. காலமுறை ஊதியம் கேட்டு நம் ஊர்ப்புற நூலகர்கள் எத்தனை காலமாக மனுக் கொடுத்துவருகிறார்கள் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே மேலும் எழுதினால் அறிவியல் கட்டுரை வேறு ஏதோ கட்டுரையாகிவிடும்.

அந்த அம்மாவின் சிரிப்புக்கு வருவோம். ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். மூட்டை தூக்குவது எப்படி உழைப்போ, அப்படியே உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைக் காட்டுவதும் உழைப்பு. சம்பளத்துக்காகச் செய்யப்படும் 'உணர்ச்சி உழைப்பு' என்றார். மேலுக்கு மட்டும் சிரிப்பது, உள்ளேயே மனத்தைத் திருத்திக்கொண்டு சிரிப்பது என்று அதில் இரண்டு வகை. மேல்சிரிப்புதான் அதிகம் கருக்குகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. பெரியவரின் "உட்கார்ந்த இடத்துல சம்பளம்" கேட்டு அந்த அம்மா சிரித்தது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்கப் பொது நூலகங்களில் இந்தச் சுமை வேறு உயரத்துக்குப் போய்விட்டது. வீடில்லாதவர்கள், போதையில் சிக்கியவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் காசு கேட்காமல் உட்காரவிடும் கடைசி இடம் நூலகம்தான். ஃபிலடெல்ஃபியாவில் மெக்ஃபெர்சன் சதுக்க நூலக ஊழியர்கள் 2017-இல், புல்வெளியில் போதைமருந்து அதிகமாகி மயங்கிக் கிடப்பவர்களின் மூக்கில் உயிர்காக்கும் மருந்தைச் செலுத்தக் கற்றுக்கொண்டார்கள். நூல் வகைப்பாடு படித்து வந்தவர்கள்! இன்னொரு பக்கம், இந்தப் புத்தகத்தை எடு, அந்தப் புத்தகத்தை எடு என்று நெருக்கடி. 2023-இல் அப்படித் தடை கேட்கப்பட்ட தலைப்புகள் 4,240 என்று அமெரிக்க நூலகச் சங்கம் கணக்கிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-லேயே ஒரு காரியம் செய்தது. வீடில்லாதவர்களிடம் அன்பாகப் பேசுங்கள் என்று நூலகர்களுக்கு வகுப்பெடுப்பதோடு நின்றுவிடாமல், முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரை நூலகத்திலேயே அமர்த்தியது. பிறகு பல நகரங்கள் அதைப் பின்பற்றின.

அங்கிருந்துதான் இன்னொரு கூர்மையான கருத்தும் வந்தது. ஃபொபாசி எட்டார் என்ற நூலகர் 2018-இல் எழுதிய கட்டுரையில், நூலகப் பணியைப் புனிதமாக நினைக்கும் மனப்பான்மையே நூலகர்களைச் சுரண்டுகிறது என்றார். வேலை புனிதம் என்றாகிவிட்டால் விடுப்பு கேட்பது பாவம், கூடுதல் சம்பளம் கேட்பது பேராசை, முடியவில்லை என்பது பக்திக் குறைவு. நமக்கு இது புதிதல்ல. 'அறிவுக் கோயில்' என்று ஆண்டுவிழா மேடையில் பேசிவிட்டு, கோயில் பூசாரிக்குத் தட்டில் விழுவதுகூட இல்லாமல் அனுப்புகிற வழக்கம் நம்முடையது.

ரங்கநாதனிடம் திரும்பிப் போகிறேன். லண்டனில் அவர் நூலகங்களைப் பார்த்து மயங்கிப் போனார். திரும்பி வந்தவர் கணிதத்தைக் கேட்கவேயில்லை. அதற்குப் பிறகு இருபது ஆண்டு, நாளுக்கு பதின்மூன்று மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், விடுப்பே எடுக்காமல் உழைத்தார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். திருமணம் நடந்த அன்று பிற்பகலே நூலகத்துக்கு வந்துவிட்டாராம். நூலக விழாக்களில் கைதட்டல் வாங்கும் செய்தி இது. அதே வரலாற்றின் அடுத்த பக்கத்தை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. புதிய துணைவேந்தரோடு ஒத்துப்போகாமல், தன் ஐம்பது வயதுகளின் தொடக்கத்தில் அவர் பதவியை விட்டார். கொஞ்ச காலம் மனச்சோர்வில் இருந்தார். பிறகுதான் 1945-இல் காசிக்குப் போய் மறுபடி எழுந்தார். அந்த உழைப்பில்தான் 1931-இன் நூலகவியல் ஐந்து விதிகளும் கோலன் பகுப்பு என்ற நூல் வகைப்பாட்டு முறையும் பிறந்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குத் தானே வகுத்த வேலை இருந்தது; எதை, எப்படி, எப்போது என்பது பெரும்பாலும் அவர் கையில் இருந்தது. அந்தப் பதின்மூன்று மணி நேரத்தைக் கைப்பிடி எதுவும் இல்லாத ஒரு கிளை நூலகருக்கு முன்மாதிரியாகக் காட்டுவது கொடுமை.

சரி, என்ன செய்யலாம்? முதலில், எது போதாது என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த நூலகர் ஒருவரை மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கத்துக்கு ஒருநாள் வரச் சொன்னார்கள். போனார். மூச்சுப் பயிற்சி, கைதட்டிச் சிரிக்கும் பயிற்சி, சாம்பார் சாதம். மறுநாள் வந்தால் மேசையில் இரண்டு நாள் வேலை. "மூச்சு விடக் கத்துக்கிட்டு வந்தேன், விட நேரம் இல்ல" என்றார். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தகவல்களை வைத்து வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. மன உறுதிப் பயிற்சி, தியானச் செயலி, அழுத்த மேலாண்மை வகுப்பு ஆகியவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட மேலான நிலையில் இல்லை. யோகாவும் நடையும் உடம்புக்கு நல்லவை. அவற்றைக் குறை சொல்ல நான் யார். வேலை அட்டவணையில் இருக்கும் ஓட்டையை அவை அடைக்காது, அவ்வளவுதான்.

அடைக்கக்கூடியவை பெரிய செலவில்லாதவை. மேசை நேரத்தை வரையறுப்பது ஒன்று. இரண்டு மணி நேரம் வாசகர் எதிரே உட்கார்ந்தவர் அடுத்த ஒரு மணி நேரமாவது உள்வேலைக்குப் போக வேண்டும். சோஃபி லெராய் 2009-இல் காட்டியபடி, ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். குளோரியா மார்க் செய்த இன்னொரு சோதனையில், குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். ஆனால் படபடப்பும் எரிச்சலும் கூடியிருந்தன. ஆகவே "வேலைதான் முடிகிறதே" என்று கணக்குப் பார்க்கிற அதிகாரிக்கு அந்தச் சேதம் கண்ணில் படாது. ஒரே ஆள் உள்ள நூலகத்தில் மேசையை யாரிடம் விடுவது என்று கேட்பீர்கள். வாரத்தில் இரண்டு பகல், ஒரு மணி நேரம் நூல் வழங்கல் இல்லை, வாசிப்புக்கு மட்டும் திறந்திருக்கும் என்று ஒரு பலகை தொங்கவிடலாம். வாசகர்கள் இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், மூன்றாம் வாரம் பழகிவிடுவார்கள்.

விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுவது இன்னொன்று. பிளக் ஒருவருக்கு அரை மணி நேரம், தினசரி பத்து நிமிடம் என்று பலகை சொல்லும்போது நூலகர் சண்டைக்காரர் ஆவதில்லை. பலகையைக் காட்டினால் போதும். மூடும் நேரத்தில் தனியாக ஒரு பெண் இருக்கக் கூடாது என்பதும் அப்படி எழுதப்பட வேண்டிய விதிதான், அது நிர்வாகத்தின் சுவரில்.

கைப்பிடி என்றேனே, அதற்கும் வழி உண்டு. அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் உரிமை, வாங்கும் நூல்களில் ஒரு சிறு பங்கைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, கிழிந்ததைக் கழித்துக்கட்டும் உரிமை, நியாயமான அளவு இழப்புக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டாம் என்ற உறுதி. வெய்ஸின் எலிக்கு ஒரு சக்கரம் போதுமாக இருந்தது.

வீட்டுக்குப் போனபின் வேலை மனத்தை விட்டு இறங்குகிறதா என்பதை ஜெர்மானிய உளவியலாளர் சபீனா சொன்னன்டாக் வெகுகாலம் ஆராய்ந்திருக்கிறார். மாலையில் மனம் வேலையிலிருந்து கழன்றால் மறுநாள் உடம்பு தேறுகிறது. நம் ஊரில் அதற்கு முதல் எதிரி இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்ஆப் குழுவில் வரும் "நாளை காலை 10 மணிக்குள்" செய்தி. அதை நிறுத்துவது மேலே உள்ளவர் பொறுப்பு. நூலகர் தானாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பூட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முடியாமல் நிற்கும் வேலைகளை, எப்போது எப்படி முடிப்பது என்பதோடு ஒரு தாளில் எழுதிவிடுவது. முடியாத வேலை மனத்தை அரிப்பதை, தெளிவான திட்டம் ஒன்றே அடக்கிவிடுகிறது என்று மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் சோதித்துக் காட்டினார்கள். பிறகு பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

எல்லாக் கருமையும் வேலையால் வந்த கருகல் என்று நினைத்துவிடவும் கூடாது. விடுமுறையிலும் விடாத வெறுமை, பசியும் தூக்கமும் வாரக்கணக்கில் கெடுவது, வாழ்ந்து என்ன என்ற எண்ணம், இவை மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 நாடு முழுக்க இலவசம், தமிழிலும் பேசலாம்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்த புத்தகத்தை, உதவி செய்வதாக எண்ணி நீங்களே திரும்பச் செருகாதீர்கள். இடம் மாறி நின்ற புத்தகம், பதிவேட்டின்படி தொலைந்த புத்தகம். அடுத்த சரிபார்ப்பு வரை யார் கண்ணிலும் படாது, பட்டியலில் மட்டும் ஏறும். வாசிப்பு மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.